சின்ன ரூம் ஸ்டுடியோவுல சவுண்ட் சரியில்லையா? புகாரை வச்சு கோளாறை பிடிக்கிற வழி

வீட்ல ஒரு ரூமை ஸ்டுடியோவா மாத்தினவங்க சவுண்ட் சரியில்லன்னா முதல்ல ஸ்பீக்கரை சந்தேகப்படுவாங்க, அடுத்து மைக்கை, அப்புறம் மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற இன்டர்ஃபேஸை. ரூம் மேல யாருக்கும் சந்தேகமே வர்றதில்ல. ஆனா மூணு நாலு மீட்டர் நீளமுள்ள ரூம்ல வர்ற கோளாறு பெரும்பாலும் எதை எங்க வச்சிருக்கீங்கங்கறதுலதான் இருக்கும். அதனால கீழ எந்த புகாருக்கு போனாலும் வரிசை ஒண்ணுதான், முதல்ல நகர்த்திப் பாருங்க, அதுல முடிஞ்சது போக மிச்சத்துக்கு சத்தத்தை உறிஞ்சுற பேனல், அதுக்கும் அப்புறம்தான் ஈக்யூ (எந்த ஸ்தாயி எவ்வளவு கேக்கணும்னு ஏத்தி இறக்குறது), புது சாமான் வாங்குற யோசனை எல்லாம் கடைசில வச்சுக்கலாம்.

கையில ஒரு அளவு டேப், தரையில ஒட்ட கொஞ்சம் பேப்பர் டேப், ஒரு சின்ன கண்ணாடி போதும். எதை நகர்த்துறதுக்கு முன்னாடியும் இப்ப இருக்குற இடத்தை தரையில டேப் ஒட்டி குறிச்சுக்கோங்க, இல்லன்னா "முன்னாடியே நல்லாதானே இருந்துச்சு"ன்னு தோணும்போது திரும்பிப் போக வழி இருக்காது.

இன்னொண்ணு, ஹெட்ஃபோன் சோதனை. கோளாறு ஹெட்ஃபோன்லயும் கேக்குதுன்னா அது ரெக்கார்டிங்லயே பதிவாயிடுச்சு, மைக் இருக்குற இடத்தை பாருங்க. ஸ்பீக்கர்ல மட்டும் கேக்குதுன்னா நீங்க உக்காந்திருக்குற இடமும் ஸ்பீக்கர் இருக்குற இடமும்தான் விஷயம். இந்த ஒரு சோதனையை பண்ணாம நிறைய பேர் மைக் பிரச்சனைக்கு சுவர்ல பேனல் அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

"உக்காந்தா பேஸ் இல்ல, எழுந்து பின்னாடி சுவர் பக்கம் போனா குமுறுது"

இதுதான் சின்ன ரூமோட தலையாய வியாதி, கார்ல போட்டா பேஸ் (கீழ்ஸ்தாயி கனச் சத்தம்) காதை அடைக்குதுன்னு சொல்றவங்களுக்கும் இதே வியாதிதான். நீங்க உக்காந்த இடத்துல பேஸ் கேக்கல, அதனால மிக்ஸ்ல, அதாவது எல்லா சத்தத்தையும் கலந்து சமன் பண்ணும்போது, ஏத்தி விட்டுட்டீங்க, வெளிய போனா அது அதிகமா தெரியுது.

காரணம் இதுதான். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். ரெண்டு சுவருக்கு நடுவுல எந்த அலையோட பாதி நீளம் கச்சிதமா பொருந்துதோ அந்த அலை அங்கயே நின்னு ஆடும். கணக்கு ரொம்ப சுலபம், 343ஐ ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா போதும். 4 மீட்டர் ரூம்னா கிட்டத்தட்ட 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டர்னா 57. அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குலயும் இதே கூத்து நடக்கும். இந்த அலை சுவர்கிட்ட ரொம்ப பலமா இருக்கும், ரூமோட நட்ட நடுவுல முதல் அலை காணாமலே போயிடும். நீங்க நீளவாக்குல சரியா நடுவுல உக்காந்திருந்தா அந்த பேஸ் உங்களுக்கு கேக்காது, எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வச்சாலும் கேக்காது.

சரி என்ன பண்றது? ஸ்பீக்கரை ரூமோட குட்டை சுவர் பக்கம் வச்சு, சத்தம் நீளமான திசையில போற மாதிரி திருப்புங்க. அப்புறம் உங்க நாற்காலியை முன் சுவர்லேர்ந்து (ஸ்பீக்கருக்கு பின்னாடி இருக்குற சுவர்) ரூம் நீளத்துல 38 சதவீத தூரத்துல போடுங்க, 4 மீட்டர் ரூம்னா தலை சுமார் ஒண்ணரை மீட்டர்ல வரும். இந்த 38ங்கறது ஒண்ணும் வேதவாக்கு இல்ல, அங்கேர்ந்து ஆரம்பிக்கறதுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அங்க உக்காந்துகிட்டு நல்லா தெரிஞ்ச ஒரு பேஸ் லைனை, ஒவ்வொரு நோட்டா ஏறி இறங்குற மாதிரி ஒண்ணை, சுத்தி சுத்தி ஓட விட்டு நாற்காலியை பத்து பத்து சென்டிமீட்டரா முன்ன பின்ன தள்ளுங்க. எந்த இடத்துல எல்லா நோட்டும் ஓரளவு ஒரே பலத்துல வருதோ அதுதான் உங்க இடம். பாதி பாதின்னு பிரிக்கிற இடமும் கால் பாகம்னு பிரிக்கிற இடமும் மோசம், முதல் அலை பாதியில செத்துடும், ரெண்டாவது அலை கால்ல செத்துடும்.

இங்க ஒரு கேள்வி வரும், நீளவாக்குல நடு ஆகாதுன்னா அகலவாக்குல மட்டும் ஏன் நடுவுல உக்காரச் சொல்றாங்க? இடது பக்க ஸ்பீக்கரும் வலது பக்க ஸ்பீக்கரும் ஒரே பேஸை அடிக்கும்போது அகலவாக்கு முதல் அலையை ஒண்ணு இந்தப் பக்கம் தள்ளும், இன்னொண்ணு அந்தப் பக்கம் தள்ளும், ரெண்டும் சமமா இருந்தா அந்த அலை எழவே எழாது. அதனால அகலத்துல நடுதான் நல்லது, ஆனா ரெண்டு ஸ்பீக்கரும் பக்கத்து சுவர்லேர்ந்து சம தூரத்துல இருந்தாத்தான் இந்த லாபம் கிடைக்கும்.

நாற்காலி சரியானதும் ஸ்பீக்கருக்கும் முன் சுவருக்கும் உள்ள தூரம். ஸ்பீக்கர்லேர்ந்து பின்னாடி போற பேஸ் சுவர்ல பட்டு திரும்பி வரும்போது நேரா வர்றதோட மோதி ஒரு இடத்துல அழிச்சிடும். அது எந்த ஹெர்ட்ஸ்னா 343ஐ அந்த தூரத்தோட நாலு மடங்கால வகுங்க. ஸ்பீக்கரோட முன்முகம் சுவர்லேர்ந்து 1 மீட்டர்ல இருந்தா 86 ஹெர்ட்ஸ்ல பள்ளம், அதாவது கிக் டிரம்மோட கனம் இருக்குற இடத்துலேயே. இதுக்கு பயந்து ஸ்பீக்கரை இன்னும் முன்னாடி இழுத்தா பள்ளம் இன்னும் கீழ போகும், ஆனா சின்ன ரூம்ல அவ்வளவு இழுக்க இடம் ஏது. அதனால எதிர்ப்பக்கம் போங்க, சுவரோட ஒட்டுனாப்ல கொண்டு போங்க, பின்னாடி ஓட்டை உள்ள ஸ்பீக்கர்னா ஒரு பத்து பதினஞ்சு சென்டிமீட்டர் மூச்சு விடட்டும். முன்முகம் 35 சென்டிமீட்டர்ல வந்தா பள்ளம் 245 ஹெர்ட்ஸுக்கு ஏறிடும், அங்க பேனல் வச்சு பிடிக்கலாம். சுவர்கிட்ட போனா பேஸ் கொஞ்சம் ஊதும், அதுக்குத்தான் நிறைய மானிட்டர் ஸ்பீக்கர்ல பின்னாடி பேஸ் குறைக்கிற சுவிட்ச் கொடுத்திருக்காங்க, அது அலங்காரத்துக்கு இல்ல.

உங்க தலைக்கு பின்னாடி இருக்குற சுவரும் இதே கணக்குல பள்ளம் போடும். தலைக்கும் சுவருக்கும் 50 சென்டிமீட்டர்னா சுமார் 170 ஹெர்ட்ஸ். முதுகை சுவர்ல சாய்ச்சு மிக்ஸ் பண்றவங்க இதை ஒரு தடவை யோசிங்க.

ஈக்யூ போட்டு சரி பண்ணலாமான்னா, குமுறலை குறைக்கலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. நீங்க 6 டெசிபல் ஏத்துனா அழிக்க வர்ற அலையும் 6 டெசிபல் ஏறித்தான் வரும், ஸ்பீக்கருக்கு பாரம் கூடுறதைத் தவிர ஒண்ணும் நடக்காது. கண்ணால பாக்கணும்னு ஆசைப்பட்டா எல்லாப் பக்கமும் கேக்குற ஒரு அளவு மைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட்னு இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேரும் போதும்.

சதுர ரூம் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடறேன். நீளமும் அகலமும் ஒண்ணா இருந்தா ரெண்டு பக்க அலையும் ஒரே ஹெர்ட்ஸ்ல வந்து உக்காரும், உயரமும் அதே அளவுன்னா கேக்கவே வேணாம். வேற ரூம் இருந்தா அங்க மாறிடுங்க, இது ஒண்ணுக்கு மட்டும் நகர்த்துறதுன்னா ரூமையே நகர்த்துறதுதான்.

"ஃபோம் ஒட்டினேன், எதிரொலி போயிடுச்சு, ஆனா ரூம் மந்தமாயிடுச்சு, பேஸ் மட்டும் முழங்குது"

தலைவலி போய் திருகுவலி வந்த கதை. ரெண்டரை சென்டிமீட்டர் ஃபோம் மேல்ஸ்தாயி சத்தத்தை மட்டும்தான் குடிக்கும், பேஸை தொடக்கூட தொடாது. அதனால பளபளப்பு போச்சு, முழக்கம் அப்படியே தங்கிடுச்சு. 100 ஹெர்ட்ஸ் அலையோட கால் பாகமே 86 சென்டிமீட்டர் வரும், அதுக்கு முன்னாடி ரெண்டரை சென்டிமீட்டர் என்ன பண்ணும் சொல்லுங்க. முட்டை அட்டையை பத்தி பேச்சே எடுக்காதீங்க.

ஒட்டினதுல பாதியை கழட்டுங்க, நிஜமாத்தான் சொல்றேன். அதுக்கு பதிலா 10 சென்டிமீட்டர் தடிமன்ல ராக்வுல் இல்லன்னா கிளாஸ்வுல் (கல் நார், கண்ணாடி நார்) பேனல், துணி சுத்தி, சுவர்ல ஒட்டாம இன்னொரு 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்க. காத்து அசையுற வேகத்தைத்தான் இந்த மாதிரி பொருள் தின்னும், சுவர் மேலயே காத்து அசையாது, சுவரை விட்டு தள்ளி வர வர அசைவு கூடும், அதனால அந்த காலி இடைவெளிக்கு காசே இல்லாம ஒரு வேலை நடக்குது. முதல்ல மூலைகள்ல வைங்க, அங்கதான் பேஸ் எல்லாம் வந்து குவியும்.

"வாய்ஸ் நடுவுல நிக்க மாட்டேங்குது, ஒரு பக்கம் இழுக்குது"

மோனோவுல, அதாவது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வர்ற மாதிரி, ஒரு குரலை ஓட விடுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற மாதிரி கேக்கணும். எங்கயோ பரவலா, தலைக்குள்ள சுத்துற மாதிரி கேட்டா முதல்ல வயரை பாருங்க, தனி ஆம்ப்ளிஃபயர்ல ஓடுற ஸ்பீக்கர்னா ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். வயர் சரின்னா, தூரத்தை அளந்து பாருங்க. ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சேந்து மூணு பக்கமும் சமமான முக்கோணம், ட்வீட்டர் (மேல்ஸ்தாயி சத்தம் வர்ற சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துல, இது தெரிஞ்சதுதான். தெரிஞ்சும் கண்ணளவுல வச்சுட்டு விட்டுடுவாங்க, டேப்பால அளந்தா அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்.

அதுவும் சரின்னா பக்கத்து சுவர். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் திறந்த கதவு இல்லன்னா ஜன்னல், அப்படி இருந்தா சுவர் பக்கம் பலமா கேக்கும். மேசையை மூலையில திணிச்சவங்களுக்கு இது வந்தே தீரும். முடிஞ்சா மேசையை நடுவுக்கு கொண்டு வாங்க. அப்புறம் கண்ணாடி வேலை: நீங்க உங்க இடத்துல உக்காருங்க, ஒருத்தர் கண்ணாடியை பக்கத்து சுவர் மேல மெல்ல நகர்த்திட்டு போகட்டும், எந்த இடத்துல கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியுதோ அந்த இடத்துல பேனல். ரெண்டு பக்கமும் பண்ணுங்க, முடிஞ்சா மேல் கூரையிலயும்.

மேசையை மறந்துடாதீங்க. ஸ்பீக்கரும் காதும் மேசைக்கு மேல 30 சென்டிமீட்டர், நடுவுல 1 மீட்டர்னு வச்சுக்கோங்க, மேசையில பட்டு வர்ற சத்தம் சுமார் 17 சென்டிமீட்டர் சுத்தி வரும், அது சரியா 1000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளத்தை வெட்டும், குரலோட உயிர் இருக்குற இடம். ஸ்பீக்கரை மேசையிலேர்ந்து எடுத்து பின்னாடி தனி ஸ்டாண்டுல வச்சா பாதி பிரச்சனை தீரும். ஸ்டாண்டுக்கு இடமில்லன்னா மேசையோட பின் விளிம்புக்கு தள்ளி கொஞ்சம் உசத்தி வைங்க.

"கை தட்டினா டிர்ர்ர்னு ஒரு சத்தம்"

எதிரும் புதிருமா இருக்குற ரெண்டு வெறும் சுவர் பந்தாடுது. ரெண்டுல ஒண்ணை உடைச்சா போதும், புத்தக அலமாரி, கனமான திரை, பேனல் எது இருக்கோ அது. ஆனா கை தட்டுறதை நீங்க உக்காருற இடத்துலயும் பாடுறவர் நிக்கிற இடத்துலயும் நின்னு தட்டிப் பாருங்க. கதவு பக்கம் நின்னு தட்டி டிர்ர்னு வந்தா அது யாருக்கும் தொந்தரவு இல்ல.

"வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணா டப்பாக்குள்ள பேசுற மாதிரி இருக்கு"

இதுக்கு ஏகப்பட்ட பேர் மைக்குக்கு பின்னாடி வளைச்சு மாட்டுற அந்த ஃபோம் தடுப்பை வாங்குறாங்க. கார்டியாய்ட் மைக்குக்கு பின்பக்கம் காதே கேக்காது, அது கேக்குறது முன்னாடி, அதாவது பாடுறவரையும் அவருக்கு பின்னாடி இருக்குற சுவரையும். அதனால உறிஞ்சுற பொருள் பாடுறவர் முதுகுக்கு பின்னாடி இருக்கணும். துணி நிறைஞ்ச அலமாரியை திறந்து விட்டு அதுக்கு முதுகு காட்டி நில்லுங்க, இல்லன்னா ஒரு மெத்தையை சுவர்ல சாய்ச்சு வைங்க, பாக்க அசிங்கமா இருக்கும், கேக்க நல்லா இருக்கும்.

மைக் எங்க நிக்குதுன்னும் பாருங்க. வெறும் சுவர்லேர்ந்து 50 சென்டிமீட்டர்ல மைக் இருந்தா சுவர்ல பட்டு வர்றது சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதமா வந்து சேரும், 170 ஹெர்ட்ஸ்லயும் அதுக்கு மேல வரிசையா பல இடத்துலயும் சீப்பால வாரின மாதிரி பள்ளம் விழும், அதைத்தான் காது டப்பான்னு சொல்லுது. மூலையும் வேணாம், ரூமோட நட்ட நடுவும் வேணாம், நடுவுலேர்ந்து கொஞ்சம் விலகி, எந்த சுவருக்கும் நேரா இல்லாம கோணலா நில்லுங்க. நோட்ஸ் ஸ்டாண்டு மைக்குக்கு நேர் கீழ தட்டையா இருந்தா அதுவும் ஒரு குட்டி சுவர்தான், சாய்ச்சு வைங்க, இல்லன்னா துணி போடுங்க.

"ஃபேன் சத்தம், கம்ப்யூட்டர் இரைச்சல் எல்லாம் உள்ள வருது"

வாயை மைக்குக்கு கிட்ட கொண்டு போங்க, தூரம் 40லேர்ந்து 20 சென்டிமீட்டர் ஆனா குரல் 6 டெசிபல் ஏறும், கெயினை (மைக் சத்தத்தை பெருக்குற அளவு) அந்த அளவு இறக்கினா இரைச்சலும் கூடவே இறங்கிடும். ரொம்ப ஒட்டினா பேஸ் வீங்கும், 15லேர்ந்து 20 சென்டிமீட்டர் நல்ல இடம். அடுத்து மைக்கோட செவிட்டுப் பக்கத்தை கம்ப்யூட்டர் பக்கம் திருப்புங்க. கார்டியாய்டுக்கு அது நேர் பின்னாடி. இன்னும் குறுகலா கேக்குற சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னாடி இல்ல, சுமார் 126 டிகிரியில ரெண்டு பக்கமும் இருக்கும், இது தெரியாம பின்பக்கத்தை காட்டிட்டு மைக் சரியில்லன்னு சொல்றவங்க உண்டு. எட்டு வடிவத்துல கேக்குற மைக்னா பக்கவாட்டுல செவிடு.

ஆக, மேசை எங்க, பாடுறவர் எங்கங்கறதை தனித்தனியா முடிவு பண்ணாதீங்க. கம்ப்யூட்டர் ஒரு முனையில, பாடுறவர் கம்ப்யூட்டரை பாத்து நிக்கிறார், நடுவுல மைக் கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டுது, பாடுறவர் முதுகுக்கு பின்னாடி அலமாரியோ பேனலோ. ஒரே ரூம்ல மிக்ஸிங்கும் ரெக்கார்டிங்கும் நடக்கணும்னா இந்த வரிசை பெரும்பாலும் ஒத்து வரும்.

"ம்ம்ம்னு ஒரு ஹம்"

ஒவ்வொண்ணா கழட்டுங்க, அவசரப்பட்டு எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிடுங்காதீங்க. லேப்டாப் சார்ஜரை எடுத்தா நிக்குதா? நின்னா அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் ரெண்டு வழியா சேந்து ஒரு வளையமாயிடுச்சு. எல்லா சாமானையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுலேர்ந்து எடுங்க, இன்டர்ஃபேஸ்லேர்ந்து ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் (வழியில ஏறுற இரைச்சலை கழிச்சிடுற வகை) போடுங்க, அப்பவும் போகலன்னா நடுவுல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், வயர் நேரா தொடாம சிக்னலை மட்டும் கடத்துறது. எர்த் பின்னை உடைச்சா ஹம் போயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஹம் போகலாம், கூடவே உயிரும் போகலாம்.

கிட்டார் கேபிளை பிடுங்கினா நிக்குதுன்னா கம்பி அதிர்வை பிடிக்கிற பிக்கப்தான் ஹம்மையும் பிடிக்குது. சிங்கிள் காயில் (ஒரே சுருள் பிக்கப்) கிட்டாரை கையில வச்சுகிட்டே மெல்ல சுத்துங்க, ஒரு திசையில ஹம் சட்டுனு குறையும், வாசிக்கிறவர் நாற்காலியை அந்த திசைக்கு போடுங்க. அடாப்டர், டிம்மர் லைட் பக்கத்துலேர்ந்து தள்ளி உக்காரட்டும். பவர் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒண்ணா கட்டி ஓட வேணாம், ரெண்டும் குறுக்க வந்தே ஆகணும்னா செங்குத்தா குறுக்க விடுங்க.

"நடு நடுவுல டிக் டிக்னு, இல்லன்னா பாடுறது லேட்டா கேக்குது"

எதை எங்க வைக்கிறீங்கங்கறதுக்கு இதுல பங்கு கொஞ்சம்தான். இன்டர்ஃபேஸை ஹப்ல மாட்டாம நேரா மாட்டுங்க, யூஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டரை தாண்டக் கூடாது, அதனால கம்ப்யூட்டரை வெளி ரூமுக்கு தள்ளணும்னு பிளான் போடுறவங்க முதல்ல தூரத்தை அளங்க. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து வச்சு அனுப்புற சாம்பிள் எண்ணிக்கை) 48000 சாம்பிள் ரேட்ல 128னா 2.7 மில்லிசெகண்ட், 512னா கிட்டத்தட்ட 11, உள்ள போய் வெளிய வர்றதுக்குள்ள இது இன்னும் கூடும். பாடும்போது லேட் குறைய இறக்கி வைங்க, மிக்ஸ் பண்ணும்போது டிக் டிக் வராம இருக்க ஏத்தி வைங்க.

"குறிப்பிட்ட ஒரு நோட்டுக்கு ஏதோ கிறுகிறுங்குது"

20லேர்ந்து 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சைன் டோனை (ஒரே ஹெர்ட்ஸ் மட்டும் உள்ள சுத்தமான சத்தம்) மெல்ல ஏத்துங்க. கிறுகிறுக்குற இடத்துல நிறுத்திட்டு ரூமை சுத்தி வந்து ஒவ்வொண்ணா கையால அமுக்குங்க. ஜன்னல் கண்ணாடி, லைட் மூடி, அலமாரி கைப்பிடி, மைக் ஸ்டாண்டுல லூஸா தொங்குற திருகு, இதுல ஏதாவது ஒண்ணுதான். ஸ்பீக்கரே கிறுகிறுக்குதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை பண்ணிடுங்க.

"பக்கத்து வீட்டுக்காரங்க புகார் சொல்றாங்க, இல்லன்னா ரோட்டு சத்தம் உள்ள வருது"

பேனல், ஃபோம் எதுவும் இதுக்கு உதவாது. உள்ள எதிரொலியை குறைக்கிறது வேற, சத்தத்தை வெளிய போக விடாம தடுக்குறது வேற. தடுக்குறதுக்கு கனம் வேணும், காத்து புகாத அடைப்பு வேணும். சுவரோட எடையை ரெண்டு மடங்காக்கினா கணக்குப்படி சுமார் 6 டெசிபல்தான் கூடுதலா தடுக்கும், அதனால செங்கல் அடுக்கிகிட்டே போறதுல அர்த்தம் இல்ல. முதல்ல ஓட்டையை தேடுங்க. ராத்திரி ரூமுக்குள்ள லைட்டை போட்டுட்டு வெளிய இருட்டுல நின்னு கதவை பாருங்க, வெளிச்சம் எங்க கசியுதோ அங்க சத்தமும் கசியும். கதவை சுத்தி ரப்பர் பட்டை, அடியில ஒரு சீல், கதவு பொள்ளலா இருந்தா அதுக்கு பதிலா கனமான கதவு, இந்த வரிசையில பாருங்க.

பேஸ் மட்டும் கீழ் வீட்டுக்கு போகுதுன்னா அது காத்து வழியா போறதை விட தரை வழியா போறதுதான் அதிகம் இருக்கும். கிட்டார் ஆம்ப், சப்வூஃபர், எலக்ட்ரானிக் டிரம்மோட கிக் பெடல், இதெல்லாம் தரையை நேரா தொடாத மாதிரி அடியில மெத்துன்னு ஒரு மேடை போடுங்க. டிரம் பெடலுக்குத்தான் இது ரொம்ப முக்கியம், வாசிக்கிறவர் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பார், அவருக்கு ரூம் அமைதியாதான் தெரியும், கீழ இருக்குறவருக்கு மட்டும் கால் அடி ஒவ்வொண்ணும் கூரையில விழும். மேடை போட்டுட்டு கீழ ஒருத்தரை நிறுத்தி பெடலை மிதிச்சுக் காட்டுங்க, கேக்கலன்னு அவர் சொல்ற வரைக்கும் ஒரு அடுக்கு கூட்டுங்க.